நன்கொடைப் பணத்தைப் பத்திரமாக அனுப்பும் முறை

கோயில் திருப்பணிக்கோ, மாதா கோயில் கட்டடத்திற்கோ, பள்ளிவாசலுக்கோ ஊர் மக்கள் மனமுவந்து அளிப்பது பொதுப் பணம். அது உரிய இடத்தைச் சேரும்வரை வசூலித்தவரே பொறுப்பாளி.

ரொக்கத்தைத் தபால் உறையில் வைத்து அனுப்பலாகாது. காசோலையாயின், நிறுவனத்தின் பெயரையே முழுமையாக எழுதுக. தர்மகர்த்தாவின் பெயரோ பங்குத் தந்தையின் பெயரோ வேண்டாம். இடது மேல்மூலையில் இரு குறுக்குக் கோடுகள் இட்டு, இடையே ‘பெறுபவர் கணக்கில் மட்டும்’ என்று எழுதுக. வழியில் தவறினும் அதனை எவரும் ரொக்கமாக மாற்ற இயலாது. காசோலை, அதில் குறித்த தேதியிலிருந்து 3 மாதங்களே செல்லும்.

வங்கி வழியே அனுப்பும் பணம் கணக்கு எண்ணை நோக்கியே செல்லும். ஓர் இலக்கம் பிசகினும் பிறர் கணக்கைச் சேரக்கூடும். ஆதலின், பெறுபவர் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. அதனைத் தவறாது பயன்படுத்துக. கைப்பேசியில் வந்த கணக்கு எண்ணை அவ்வாறே நம்பாமல், நிர்வாகியை நேரில் கேட்டுத் தெளிக. முதலில் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததை உறுதி செய்தபின் எஞ்சியதை அனுப்புதல் நலம்.

இணைய வழியில் ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணிலும் வங்கியிலும் அக்கணமே தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் பணத்தை மீட்பது அரிது.

இறுதியாக, ரசீதைப் பெற்று ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுக. கணக்குத் தெளிவாக இருப்பின், அடுத்த நற்பணிக்கும் மக்கள் மனமுவந்து அளிப்பர்.