ஆக்ஸிலரேட்டரோடு ஏறும் சத்தம்

கேள்வி: காரில் புது ஆம்ப்ளிஃபயர் மாட்டியதிலிருந்து பாட்டுக்குப் பின்னால் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது. ஸ்பீக்கரை மாற்றிவிடவா?

பதில்: ஸ்பீக்கர் பாவம், விடுங்கள். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டரின் குரல். பெரும்பாலும் எர்த் சரியாக இருக்காது. ஆம்ப்ளிஃபயரின் கறுப்பு வயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பெயின்ட் மேலேயே போல்ட்டை இறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள்! உப்புத்தாளால் வெள்ளைத் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வயரை அரை மீட்டருக்குள் குறுக்கி, மறுபடி இறுக்குங்கள். துரு ஏறாமலிருக்க மேலே கொஞ்சம் கிரீஸ்.

அப்புறமும் கேட்டால், ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. வயரைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயரை மறுபடி போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு ஸ்டீரியோ பக்கமோ அந்த வயரிலோதான். பேட்டரி வயரோடு ஒட்டி ஓடினால் இரண்டையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிடுங்கள். கடைக்காரர் ஃபில்டரை நீட்டினால், அதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.