சிக்கோக்கு வழியில் ஒரு பகல்

ஜப்பான் நாட்டின் பெருந்தீவுகள் நான்கனுள் மிகச் சிறியது சிக்கோக்கு. அத்தீவில், கடற்கரையிலும் வயல்வெளியிலும் மலைமுகட்டிலுமாக 88 பௌத்தக் கோயில்கள் உள்ளன. அவற்றை முறையே வழிபட்டுத் தீவினை ஒருமுறை வலம் வருதலை அந்நாட்டார் பெரும்பேறாகக் கருதுவர். அவ்வழியின் நீளம் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். இந்நாளில் பேருந்திலும் சிற்றுந்திலும் செல்வாரே மிகுதியாயினும், ஆறேழு வாரம் கால்நடையாகவே சென்று முடிப்பாரும் உளர்.

இத்தீவிற் பிறந்து, ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவை ஜப்பானில் நிலைநாட்டிய துறவி கூக்காய் (774–835) ஆவார். அவர் மறைந்தபின், 921ஆம் ஆண்டில், அவருக்குக் கோபோ தைசி என்னும் சிறப்புப்பெயர் வழங்கப்பெற்றது. யாத்திரிகர் வெள்ளாடை உடுத்து, கோரையால் முடைந்த தொப்பி அணிந்து, கையிற் கோல் தாங்கிச் செல்வர். அக்கோலைத் தைசியின் வடிவமாகவே போற்றுவர். ஆதலின் தனியே நடப்பவரும் தம்மை இருவராகவே எண்ணுவர். மாலையில் விடுதி சேர்ந்ததும், முதலில் கோலின் அடியைக் கழுவுதல் மரபு. வெள்ளாடையோ இறந்தார்க்கு உடுத்தும் ஆடையாகும். முற்காலத்தில் வழியிலேயே உயிர்நீத்தார் பலர். அவரை அங்கேயே அடக்கம் செய்து, அவர்தம் கோலையே அடையாளமாக நடுவர்.

இவ்வழியில் ஊரார் போற்றிவரும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு ஓசெத்தாய் என்று பெயர். யாத்திரிகரைக் கண்டால் பழமோ, தேநீரோ, சோற்றுருண்டையோ, சில நாணயங்களோ அளிப்பர். சிலர் இரவு தங்க இடமும் தருவர். யாத்திரிகர்க்கு அளிப்பது தைசிக்கே அளிப்பதாகும் என்பது அவர் நம்பிக்கை. அதனை மறுத்தல் ஆகாது. பெற்றுக்கொண்டு, தம் பெயர் எழுதிய சிறு தாளைக் கைம்மாறாகத் தருதல் வேண்டும். புதிதாகச் செல்வோர், அவருள்ளும் பொருள் படைத்தோர், இதற்குக் கூசுவர். ‘கையிற் பொருள் இருக்க, ஓர் ஏழை மூதாட்டியிடம் ஏற்பது தகுமோ?’ என்பது அவர்தம் ஐயம். அவ்வையத்திற்கு விடை, அவர் பின்னர் ஏறவேண்டிய மலையில் உள்ளது.

முதற் பத்துக் கோயில்களும் யோஷினோ ஆற்றங்கரைப் பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்தவை. பதினொன்றாவதாகிய புஜிதேரா ஆற்றுக்குத் தெற்கே மலையடியில், ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் உள்ளது. பன்னிரண்டாவதாகிய ஷோசான்ஜியோ ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடைவழி ஏறத்தாழ 13 கிலோமீட்டரே. ஆயினும் அதனைக் கடக்க வல்லார்க்கு ஐந்து மணி நேரமும் மெல்லியர்க்கு எட்டு மணி நேரமும் ஆகும். யாத்திரிகரை உருட்டித் தள்ளும் இடம் என்னும் பொருள்பட அதற்கு ஒரு பெயரும் வழங்குகின்றது.

விடியலில் புறப்படும் யாத்திரிகர்க்குக் கோயிலின் பின்புறத்திலேயே ஏற்றம் தொடங்கிவிடும். சுகி என்னும் ஊசியிலை மரங்கள் ஓங்கி வளர்ந்து பகலொளியை மறைக்கும். மூச்சு வாங்கும், வியர்வை பெருகும். நெடிது ஏறியபின் ஒரு சிறு மடமும் ஊற்றும் எதிர்ப்படும். தைசி மரக்கிளை ஒன்றை ஊன்ற, அங்கே நீர் சுரந்தது என்பர். மீண்டும் ஏறிச் சென்றால், பெருமரம் ஒன்றன்முன் தைசியின் திருவுருவம் நிற்கும். ஏற்றம் முடிந்தது என மகிழ்வார்க்கு அதன்பின் வருவது இறக்கம். அரிதின் ஏறிய உயரத்தில் ஏறத்தாழ 350 மீட்டரை இழந்து, பள்ளத்தாக்கிலுள்ள சிற்றூரை அடைவர். அங்கிருந்து இறுதி ஏற்றம்.

தளர்ந்த அந்நிலையில் யாத்திரிகர் ஓர் உண்மையை உணர்வர். கால்கள் தம்முடையவை, வழியோ பிறர் தந்தது. நாக்காட்சுகாசா மோஹெய் (1845–1922) என்பார் இத்தீவினை 280 முறை வலம் வந்து, பின்வருவார்க்காக இருநூற்றுக்கும் மேற்பட்ட வழிகாட்டிக் கற்களை நிறுவினார். பாதையிற் சரிந்த மண்ணை அகற்றுவாரும், கிளைகளில் அடையாளத் துணி கட்டுவாரும் பெயர் தெரியாதவரே. அவர் தந்ததை மறுத்து ஒருவர் ஓரடியும் நடத்தல் இயலாது.

ஷோசான்ஜியை வணங்கி இறங்குவார் ஜோஷின்ஆன் என்னும் சிறுகோயிலைக் காண்பர். எமோன் சபுரோ என்னும் செல்வன் கதை அங்கே வழங்குகின்றது. அவன் தன் வாயிலில் வந்து இரந்த துறவியைப் பலமுறை துரத்தினான். இறுதியில் அவர் ஓட்டினை அடித்து எட்டுத் துண்டாக்கினான். அதன்பின் அவன் மக்கள் எண்மரும் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர். துறவி தைசியே என்றறிந்த அவன், செல்வத்தைத் துறந்து, மன்னிப்பு வேண்டி அவரைத் தேடித் தீவினை இருபது முறை வலம் வந்தான், காணவில்லை. இருபத்தொன்றாம் முறை இடமாகச் சுற்றி வந்தவன், அவ்விடத்தில் வீழ்ந்தான். அப்பொழுது தைசி தோன்றி அவனை மன்னித்தார் என்பது கதை. ஒருபிடி சோறு ஈய மறுத்தவன், பிறர் ஈந்ததை ஏற்று வாழும் யாத்திரிகனாகவே உயிர் துறந்தான்.

எஞ்சிய 76 கோயில்களை நோக்கி மறுநாள் புறப்படும் யாத்திரிகர், ஊரார் நீட்டும் பழத்தை இரு கையாலும் வாங்கிக்கொள்வர். ஏற்றல் இழிவாவது, உழைக்க மனமின்றி ஏற்கும்பொழுதே. அன்பொடு தருவதைப் பணிவொடு ஏற்பது தருபவரைச் சிறப்பிப்பதாகும். பெற்றதன் அருமை அறிந்தவரே பின்னர்ப் பிறர்க்கு வழங்குவர்.