டி.ஜே. பழக லேப்டாப் போதும்: ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

திற்பரப்பு, குலசேகரம் பக்கம் கல்யாண வீட்டுக்கு மைக்செட் பேசும்போதே டி.ஜே. உண்டா என்று கேட்கிறார்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளோ, யாரோ சொன்ன சில தவறான தகவல்களை நம்பித் தயங்கி நிற்கிறார்கள்.

நம்பிக்கை 1: இலவச மென்பொருள் சில நாள் ஓடும், பிறகு காசு கேட்கும்.

உண்மை: 'மிக்ஸ்' (கடைசியில் மூன்று எக்ஸ் போட்டுத் தேடுங்கள்) திறந்த மூல மென்பொருள். 2001இல் தொடங்கி இன்றும் வளர்ந்துவருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். காலக்கெடு கிடையாது, கூலிக்கு வாசிக்கவும் தடையில்லை. 'வர்ச்சுவல் டி.ஜே.' அப்படியல்ல. வீட்டில் பழக இலவசம், தொழிலுக்கு உரிமம் வாங்க வேண்டும்.

நம்பிக்கை 2: கன்ட்ரோலர் கருவி இல்லாமல் தொடங்க முடியாது.

உண்மை: விசைப்பலகையும் மவுஸும் போதும். உண்மையில் தேவைப்படுவது இரண்டாவது ஒலி வெளியீடு. ஒரு பாட்டு பாக்ஸில் ஒலிக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் கேட்டுத் தயார் செய்ய வேண்டும். சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று இருந்தால் அந்த வேலை நடக்கும்.

நம்பிக்கை 3: 'சிங்க்' பட்டனை அழுத்தினால் தாளம் தானே சேரும்.

உண்மை: கணினியில் உருவான பாட்டுகள் பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடுவதால் சேர்ந்துவிடும். வாத்தியக்காரர்கள் கூடி வாசித்துப் பதிவான பழைய பாட்டில் வேகம் லேசாக ஏறி இறங்கும். செண்டை மேளமோ வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடைப் பாட்டின் வேகத்தை மென்பொருள் சில நேரம் தப்பாகக் கணக்கிடும். அப்போது அந்த எண்ணை மூன்றில் இரண்டாகவோ ஒன்றரை மடங்காகவோ மாற்ற மிக்ஸில் வழி உண்டு. ஆனால் எண் தப்பு என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் காது.

நம்பிக்கை 4: மென்பொருள் இலவசம் என்றால் பாட்டும் இலவசம்.

உண்மை: பாட்டின் உரிமை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மதச் சடங்குகளுக்கும் கல்யாண ஊர்வலம் உள்ளிட்ட திருமணக் கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. டிக்கெட் வைத்து நடத்தும் நிகழ்ச்சிக்கு அந்த விலக்கு இல்லை, உரிமம் வேண்டும்.

நம்பிக்கை 5: சத்தம் கூடக் கூட டி.ஜே. கெத்து.

உண்மை: ஒலி அளவைக் காட்டும் மீட்டர் சிவப்பைத் தொட்டால் ஒலி அலையின் முனை வெட்டுப்பட்டுப் பாட்டு கரகரக்கும், ஸ்பீக்கரும் கெடலாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவுவரை தளர்வு தர அரசுக்கு அதிகாரம் உண்டு.

எனவே கடன் வாங்கிக் கருவி வாங்காதீர்கள். ஒரே வேகமுள்ள இரண்டு பாட்டை எடுத்து, சிங்க் பட்டனைத் தொடாமல் காதாலேயே சேர்த்துப் பழகுங்கள். அது கைவந்த பிறகு எந்தக் கருவி வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.