பதகளிப்பும் சில கிழமைக் குளிசையும்

வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டு நிற்கையில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டி, கை விறைத்து, செத்துவிடுவேன் என்ற பயம் வருகிறது. பத்து நிமிடமளவில் உச்சத்துக்கு ஏறிப் பின் தணிகிறது. 1990இல் பலாலிப் பக்கமிருந்து அச்சுவேலிக்கு வந்தவர்களிலும், 1995 ஒக்ரோபரில் தென்மராட்சிக்கு நடந்தவர்களிலும் பலருக்கு இது புதிதல்ல. மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 1993இலேயே ‘மனவடு’ என்ற நூலில் போரின் உளக்காயங்களை எழுதினார்.

முதலில் இருதயத்தையும் தைரொயிட்டையும் சோதிப்பியுங்கள். அவற்றில் குறையில்லையென்றால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவரெல்லாம் விசரர் அல்லர்.

“டொக்டர், தோட்டத்துக்குப் போகப் பயமாயிருக்கு. கொஞ்ச நாளைக்கு மருந்து தரலாமோ?” என்று நேரே கேளுங்கள். கர்ப்பம், தொய்வு, பாவிக்கும் மற்ற மருந்துகள் யாவும் சொல்லுங்கள். சாராயத்தைத்தான் பலர் மறைக்கிறார்கள். டயசிபாமுடன் அது சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

டயசிபாம் போன்றவை விரைவில் அடக்கும், ஆனால் உடல் அதற்குப் பழகிவிடும். ஆகவே இரண்டு முதல் நான்கு கிழமைக்கே அதைக் கொடுப்பார்கள். சேர்ட்ரலின் போன்றவை வேலைசெய்யச் சில கிழமை செல்லும். முதல் நாட்களில் பதற்றம் கூடவும் கூடும். பயந்து விட்டுவிடாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை முதல் நாளே கேட்டு எழுதிவையுங்கள். இரண்டையுமே சடுதியாக நிறுத்தக்கூடாது.

நித்திரைத் தூக்கத்தோடு லாண்ட்மாஸ்டர் ஓட்டவேண்டாம். அயல்வீட்டு ஆச்சியின் குளிசையைக் கடன் வாங்கவும் வேண்டாம்.