நிழலை அளக்கப் பழக்குவோம்

மின்சாரச் சிக்கனம் என்றதும் மின்குமிழை மாற்றுவதும் மின்விசிறியை நிறுத்துவதுமே நம்மில் பலருக்கு நினைவில் வருகின்றன. ஆனால் ஒரு வீட்டுக்குக் காலமெல்லாம் எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்பதில் பெரும்பகுதி, அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும் நாளிலேயே தீர்மானமாகி விடுகின்றது. ஆகவே கட்டடக்கலை மாணவருக்கு இதனை எவ்வாறு கற்பிப்பது என்பது, அவர்கள் வரையும் வீடுகளில் வாழப்போகும் நம்மையும் சார்ந்த கேள்வியாகும்.

2016ஆம் ஆண்டில், போரினால் வீடிழந்தோருக்காக வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் திட்டம் பேசப்பட்டது. அவை நமது காலநிலைக்கு ஒவ்வாதவை என்ற எதிர்ப்பு அப்போது எழுந்தது. இத்தகைய வேளைகளில் "வெக்கையாக இருக்கும்" என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த நேரத்தில், எதனால், எவ்வளவு என்று அளந்து காட்டக் கூடியவர்கள் வேண்டும். அதற்கான மூன்று பாடங்களை இங்கு பார்ப்போம்.

முதற் பாடம்: வெயில்

சமதரையில் ஒரு மீற்றர் உயரமான தடியொன்றை நிமிர்த்தி நடுவோம். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் உள்ளது. இங்கு டிசம்பர் 21இல் நண்பகல் நிழல் வடக்கு நோக்கி 65 சென்ரிமீற்றர் விழும். ஏப்ரல் நடுப்பகுதியில் நிழலே இராது. ஜூன் 21இல் தெற்கு நோக்கி 25 சென்ரிமீற்றர் அளவில் விழும். ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் மறையும்.

குளிர்நாட்டு நூல்கள் வடசுவரில் வெயில் படாது என்றும், தென்புறம் பெரிய கண்ணாடி யன்னல் வைக்கலாம் என்றும் கூறும். இங்கோ ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நண்பகற் சூரியன் வடபுறமே நிற்கின்றது. இதை மாணவர் நூலில் படிப்பதிலும் பார்க்க, தடியருகே நின்று காண்பது மேல்.

அந்த அளவிலிருந்தே கூரைத் தாழ்வாரத்தையும் கணிக்கலாம். கூரை விளிம்பிலிருந்து யன்னலின் அடிவரை 5 அடியானால், நண்பகல் வெயிலைத் தடுக்கத் தென்புறம் மூன்றேகால் அடியும் வடபுறம் ஒன்றேகால் அடியும் தாழ்வாரம் நீள வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் சாய்ந்து வருவதால் தாழ்வாரம் மட்டும் உதவாது. எனவே குறுகிய சுவர்கள் அத்திசைகளை நோக்கட்டும். மேற்கே மரமோ விறாந்தையோ இருக்கட்டும்.

இரண்டாம் பாடம்: காற்று

நமது புழுக்கத்தில், வியர்த்த உடலைத் தடவிச் செல்லும் காற்றே ஆறுதல். சோளகமும் வாடையும் எப்பக்கம் இருந்து வருகின்றன என்பதை வீட்டாரிடமே மாணவர் கேட்டறிய வேண்டும். பின் ஊதுபத்தியைக் கொளுத்தி, புகை எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது எனக் குறிக்கட்டும். காற்றுப் புக ஒரு யன்னல் இருந்தும், வெளியேற எதிர்ப்புறம் வழியில்லாவிட்டால் அறை புழுங்கும். நாற்சார் வீட்டின் முற்றம் எதற்கென்பது அப்போது விளங்கும். "சித்திரை வெயிலில் பாயை எங்கே விரிப்பீர்கள், அம்மா?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்த வரைபடத்திலும் இராது.

மூன்றாம் பாடம்: கூரை

தகரம், ஓடு, கிடுகு, கொங்கிறீற் ஆகிய நான்கு கூரைகளின் கீழும் கட்டில் உயரத்தில் வெப்பமானி வைத்து, ஒரே நாளில் பிற்பகல் 2 மணிக்கும் இரவு 8 மணிக்கும் அளப்போம். தகரம் விரைவில் சூடேறி விரைவில் ஆறும். கொங்கிறீற் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் உள்ளே விடும். கிடுகு நன்கு காக்கும். ஆனால் அடிக்கடி வேய வேண்டும், தீப்பற்றும் அச்சமும் உண்டு. ஆகவே "பழையது எல்லாம் நல்லது" என்று முடிவுகட்டாமல், தகரத்தின் கீழ் கிடுகுத் தட்டி கட்டினால் என்னவாகும், மேலே வெள்ளை பூசினால் என்னவாகும் என்று மாணவர் தாமே சோதிக்கட்டும்.

இவை ஏழை வீடுகளுக்கு மட்டும் உரிய பாடங்கள் அல்ல. ஜெஃப்ரி பாவா 1970களில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காக வரைந்த பன்னிரண்டு மாடிக் கட்டடமே, இயற்கைக் காற்றோட்டத்தை மனதிற் கொண்டு அமைக்கப்பட்டதாகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கட்டடப் பொருளை ஆக்கவே எரிபொருள் செலவாகின்றது. சீமெந்துச் சூளை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வெயிலில் உலர்த்திய மண்கல்லுக்குச் சூளையே வேண்டாம். மாணவர் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்தே பொருளைத் தெரிவு செய்ய வேண்டும்.

வீட்டாரும் இதில் ஆசிரியர்களே. அளக்க வரும் மாணவருக்கு நமது வாசலைத் திறந்து விடுவோம். புழுக்கத்தில் உறங்காத குழந்தையை இரவெல்லாம் விசிறும் தாயின் களைப்பும் அவர்களுடைய கணக்கில் சேரட்டும்.

கலந்துரையாடலுக்கு:

1. நமது ஊரில் அண்மையில் கட்டிய வீடுகளின் நீண்ட சுவர்கள் எத்திசையை நோக்குகின்றன? அதனைத் தீர்மானித்தது யார்?

2. நமது வீட்டில் மிகவும் வெக்கையான அறை எது? அது வெயிலாலா, காற்றின்மையாலா, கூரையாலா?

3. வீட்டுத் திட்டமொன்று ஊருக்கு வரும்போது, வரைபடம் முடிவாகுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எவை?