மலைப்பாதையில் மிதிவண்டி

கிணத்துக்கடவு, கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே, பொன்மலை வேலாயுதசுவாமி கோயிலால் பொலிவு பெற்ற ஊர். இவ்வழியே வால்பாறைக்கு மிதிவண்டியில் செல்லும் குழுவினர், ஆழியாறு வரை எளிதில் செல்வர். அப்பால் 40 கொண்டை ஊசி வளைவுகள் அவர்தம் ஆற்றலைச் சோதிக்கும்.

தொடக்கத்திலேயே விரைபவன் இடைவழியில் களைப்பான். சங்கிலியை முன்புறம் சிறிய பற்சக்கரத்திலும் பின்புறம் பெரிய பற்சக்கரத்திலும் பூட்டி, சீராக மிதிப்பவனே மேலே சேர்வான். 9-ஆம் வளைவில் நின்று நோக்கின், ஆழியாறு நீர்த்தேக்கம் கீழே விரிந்து தோன்றும்.

இறங்குகையில் இடர் மிகுதி. விளிம்பைப் பற்றும் பிரேக்கை இடைவிடாது அழுத்தினால், விளிம்பு சூடேறி டயர் வெடித்தலும் உண்டு. ஆதலின் இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டு அழுத்துதல் வேண்டும். குழுவின் வேகம், அதில் மிக மெலிந்தவரின் வேகமே என்பதை வலியோர் மறத்தலாகாது.