பெருங்காட்டுக் கணவாய்

மிதிவண்டியில் ஏற்றம் ஏறுங்கால் மூச்சு முட்டி, இறுதியில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்லாத மாணவர் நம்முள் மிகச் சிலரே. யாமும் அங்ஙனம் தள்ளிச் சென்றதுண்டு. வழியில் நின்றார் நகைக்க, நாணியதும் உண்டு. அந்நாணம் தகுவதுதானா? மனிதன் தன் தசைவலி ஒன்றனையே நம்பி ஏறுதல் வேண்டுமா, அறிவினால் ஆய கருவியின் துணையை நாடுதல் இழுக்காகுமா? இவ்வினா எழுந்து, பல்லாண்டு வழக்காடப்பட்டுத் தீர்ந்த வரலாறு பிரெஞ்சு நாட்டு மலைவழி ஒன்றனோடு பிணைந்து கிடக்கின்றது. அவ்வழியை யாம் கண்ணாற் கண்டோமல்லேம். நிலப்படத்தின் துணையாலும் நூல்களின் துணையாலும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கப் புகுகின்றோம்.

பிரெஞ்சு நாட்டின் நடுப்பகுதியினின்று தென்கிழக்கே, ரோன் பேராற்றின் மேற்கரைக்கு அணித்தாக, பிலா என்னும் மலைத்தொகுதி எழுகின்றது. அதன் மிகவுயர்ந்த முடி சுமார் 1,430 மீட்டர் உயரமுடையது. வானந் தெளிந்த நாட்களில் அம்மலைமுடிகளினின்று நோக்குவார்க்குக் கிழக்கே ஆல்ப்ஸ் மலையின் பனிச்சிகரங்கள் தோன்றும். மலைச்சரிவுகளை ஊசியிலை மரங்களும் பீச்சு மரங்களும் போர்த்துள்ளன. மலையின் வடமேற்கு அடிவாரத்தில் சேன்-எத்தியேன் என்னும் தொழில்நகரம் அமைந்துள்ளது. நிலக்கரி, நாடா நெசவு, துப்பாக்கி என்பவற்றாற் பெயர்பெற்ற அந்நகரம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிதிவண்டித் தொழிலுக்கும் உறைவிடமாயிற்று. இரும்பை நுணுகி வேலைசெய்யும் கைகள் அங்கே முன்னரே இருந்தமையின், துப்பாக்கி செய்தார் மிதிவண்டி செய்யக் கற்றல் எளிதாயிற்று.

நகரத்தினின்று தெற்கு நோக்கிப் புறப்படும் நெடுஞ்சாலை, பிளான்புவா என்னும் சிற்றூரைக் கடந்து, காட்டினூடே வளைந்து வளைந்து ஏறி, 1,161 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயை அடைகின்றது. அதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று குடியரசுக் கணவாய் எனப் பொருள்படும். மற்றொன்று பெருங்காட்டுக் கணவாய் எனப் பொருள்படும். சுற்றிலும் அடர்ந்த மரச்செறிவை நோக்கின் பின்னைய பெயரே பொருத்தமுடைத்து எனத் தோன்றும். கணவாயின் வடபுறத்து வீழும் மழைநீர் லுவார் ஆற்றை அடைந்து அட்லாண்டிக் பெருங்கடலிற் கலக்கும். தென்புறத்து வீழ்வதோ ரோன் ஆற்றின் வழியே மத்தியதரைக் கடலைச் சேரும். கணவாயினின்று தெற்கே இறங்கும் சாலை பூர்-அர்ழாந்தால் என்னும் ஊரில் முடிவதற்குள் அறுநூறு மீட்டருக்கு மேல் தாழ்கின்றது. அவ்வூரினின்று வேறு வழியாக மீள விரும்புவார், காட்டுச் சாலைகளில் மீண்டும் ஏறி, 1,201 மீட்டர் உயரமுள்ள சொபுரேக் கணவாயைக் கடந்து, லெ பெஸ்ஸா, ரொஷ்தாயே என்னும் ஊர்களின் வழியே நகரத்தை அடையலாம். ரொஷ்தாயேக்கு அருகே, 1866-ஆம் ஆண்டிற் கட்டிமுடிக்கப்பட்ட பழைய கல்லணை ஒன்று பள்ளத்தாக்கை மறித்து நிற்கின்றது. இங்ஙனம் ஒரே நாளில் இருமுறை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இறங்குதல் இவ்வட்டவழியின் இயல்பு.

இத்தகைய ஏற்றத்தில் மிதிவண்டிக்கு நேர்வது யாது? சிறு கணக்கொன்றால் விளக்குவோம். முன் பற்சக்கரத்தில் 44 பற்களும், பின் பற்சக்கரத்தில் 16 பற்களும் உள்ளனவாகக் கொள்க. மிதியை ஒருமுறை சுற்றினால் பின்னுருளை 2¾ முறை சுழலும். உருளையின் சுற்றளவு 2.1 மீட்டராயின் வண்டி ஏறக்குறைய 5.8 மீட்டர் செல்லும். நூற்றுக்கு ஏழு வீதம் உயரும் சாலையில், அவ்வொரு சுற்றிற்குள் வண்டியையும் உடலையும் 40 சென்டிமீட்டர் மேலே தூக்குதல் வேண்டும். பின்னே 16 பற்களுக்கு மாறாக 28 பற்களுள்ள சக்கரத்தை அமைப்பின், ஒரு சுற்றிற்குச் செல்லும் தொலைவு 3.3 மீட்டராகக் குறையும். தூக்கவேண்டிய உயரமும் 23 சென்டிமீட்டராகும். ஒரு கிலோமீட்டர் செல்ல முன்னையதில் 173 சுற்றுகள் போதும். பின்னையதில் 303 சுற்றுகள் வேண்டும். மொத்த உழைப்புக் குறைவதில்லை. அது சிறுசிறு பங்காகப் பகுக்கப்படுகின்றது. ஒரே மூச்சில் தூக்கவியலாத நெல்மூட்டையைப் படிபடியாக அளந்து சுமத்தல் போல்வது இது. கியர் என மக்கள் வழங்குவதன் உண்மை இவ்வளவே.

இவ்வுண்மையைப் பிரெஞ்சு மக்கள் உளங்கொள்ளச் செய்தவர் பால் தெ விவி என்பார். 1853-ஆம் ஆண்டிற் பிறந்த இவர் பட்டு வாணிகத்தில் ஈடுபட்டிருந்து, பின் மிதிவண்டி வாணிகத்தை மேற்கொண்டு, 1887-ஆம் ஆண்டில் மிதிவண்டியாளர்க்கென இதழொன்று தொடங்கினார். வெலோசியோ என்னும் புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரைகள் நாடெங்கும் படிக்கப்பட்டன. அக்காலத்து வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கியர்தான். சிலர் பின்னுருளையின் இருபுறமும் வெவ்வேறு பற்சக்கரம் பொருத்தி, ஏற்றம் வந்தவிடத்து இறங்கி, உருளையைக் கழற்றித் திருப்பி மாட்டுவர். வெலோசியோ இதனினும் நல்ல வழி தேடினார். பல கியர் அமைப்புக்களை வாங்கியும் செய்தும், மலைச்சாலைகளில் தாமே ஏறி ஆராய்ந்தார். பெருங்காட்டுக் கணவாய் அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. பசி வருமுன் உண்க, நீர்வேட்கை வருமுன் பருகுக, உணவும் உறக்கமும் வெறுக்குமளவு களைப்படையற்க, வீண்பெருமைக்காக மிதியற்க என்பன அவர் தம் மாணாக்கர்க்கு வற்புறுத்திய நெறிகளுட் சில.

ஆயின் எதிர்ப்பு இல்லாமலில்லை. 1903-ஆம் ஆண்டில் தூர் தெ பிரான்சு என்னும் பெரும்பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சு என்பார், வெற்றி தசையின் வலியாற் பெறத்தக்கது, பொறியின் துணையாற் பெறத்தக்கதன்று என்னுங் கொள்கையினர். அம்முதற் பந்தயத்திலேயே, லியோனினின்று மார்செய் செல்லும் இரண்டாம் பகுதியில், வீரர்கள் ஒரே கியரைக் கொண்டு இக்கணவாயை ஏறிக் கடந்தனர். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அப்பந்தயம் முதன்முதற் கண்டது இங்கேயாம். மறுவருடம் இதே வழியில் வருந்தத்தக்க நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. உள்ளூர் வீரரொருவர் முன்னே செல்லவேண்டுமென விரும்பிய கூட்டத்தார், இரவின் இருளில் அவரைச் செல்லவிட்டு, பின்வந்தாரை மறித்துத் தாக்கினர். முந்திய ஆண்டின் வெற்றிவீரரான மோரிஸ் காரென் அடிபட்டார். இத்தாலிய வீரர் ஜெர்பியின் விரல்கள் முறிந்தன. பந்தய அதிகாரிகள் துப்பாக்கி வெடித்துக் கூட்டத்தைக் கலைக்க வேண்டியதாயிற்று. பொறியின் துணையை இழிவென்று ஒதுக்கிய பந்தயத்துக்குள் கல்லும் தடியும் துணையாகப் புகுந்தன!

இதற்கிடையே, பரிசு எதனையும் நாடாத உலாப்போக்கர்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே சங்கிலியை ஒரு பற்சக்கரத்தினின்று மற்றொன்றுக்குத் தள்ளும் கருவிகளைப் பூட்டிக்கொண்டு அம்மலைக்காடுகளில் இறங்காமல் ஏறிவந்தனர். பந்தய வீரர்க்கோ அக்கருவி 1937-ஆம் ஆண்டிலேதான் அனுமதிக்கப்பட்டது; அவ்வாண்டு வென்ற ரொழே லப்பேபி அதனைக் கையாண்டவரே. வலிமையிற் சிறந்தார், முதியோரும் மெலியோரும் முன்னரே கற்றதனை முப்பதாண்டு கழித்துக் கற்றனர். வெலோசியோ இதனைக் காணவில்லை. ஆயிரமாயிரம் மலைவளைவுகளில் தீங்கின்றி இறங்கிய அவர், 1930-ஆம் ஆண்டில், தம் 76-ஆம் வயதில், சேன்-எத்தியேன் நகர வீதியில் டிராம் வண்டி மோதி உயிர்நீத்தார். அவர் நினைவுக்கல் அக்கணவாயில் நிற்கின்றது. 1974-ஆம் ஆண்டு முதல் பிலா மலைப்பகுதி இயற்கைப் பூங்காவாகப் பேணப்படுகின்றது. அவர் சென்ற காட்டுச் சாலைகளில் மிதிவண்டியாளர் இன்றும் ஏறுகின்றனர்.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? வள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆண்டுச் செயலின் வலியும், தன் வலியும் மாத்திரமின்றித் துணையின் வலியும் எண்ணப்படுதலை நாம் பாடமாகக் கற்றுளோம். தேர்வில் எழுதியும் உளோம். ஆயினும், கடினமான பாடத்தின்முன் ஆசிரியர் துணையை நாட நாணி, ஒரே கியரில் முட்டி மோதி, பாதிவழியிற் கைவிடுவார் நம்முள் உளர். அவர் அறிவிற் குறைந்தவரல்லர். ஏற்றத்தைப் பகுத்துக்கொள்ள அறியாதவர். சிறு சுற்றுக்கள் பல சுற்றுதலில் இழிவில்லை. மேலேயிருப்பது அதே கணவாய். எவ்வாறு ஏறினார்க்கும் அதன் உயரம் 1,161 மீட்டரே. இனி ஏற்றத்தில் எம் ஒரே கியர் வண்டியைத் தள்ளிச் செல்லுங்கால், யாம் நாணப்போவதில்லை. நகைப்பாரும் உடன்வந்து சற்றே தள்ளுவாராயின், அத்துணையையும் மகிழ்ந்து ஏற்போம்.